வளைந்த அடியும் தட்டையான அடியும்: எந்தக் காலணி காலுக்கு வேலை கொடுக்கிறது?

படகின் அடிபோல முன்னும் பின்னும் வளைந்த காலணிகள் இரண்டு நேரெதிர் நோக்கங்களுக்காகச் செய்யப்படுகின்றன. ஒரு வகையில் குதிகாலுக்கு அடியில் மெத்தென்ற பொருளை வைத்து, அணிந்தவரை வேண்டுமென்றே சற்றுத் தடுமாற வைக்கிறார்கள். மற்றொரு வகையில் அடி உறுதியாக இருப்பதால், விரல்கள் மடங்காமலேயே பாதம் உருண்டு முன்னேறுகிறது. முன்னது தசைக்கு வேலையைக் கூட்டவும், பின்னது மூட்டின் சுமையைக் குறைக்கவும் உருவானவை.

தடுமாற வைக்கும் வகையைப் புகழ்பெறச் செய்தது, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் முல்லர் 1990-களில் உருவாக்கிய எம்பிடி (மசாய் பேர்ஃபுட் டெக்னாலஜி) காலணி. வெறுங்காலில் நடக்கும் கிழக்கு ஆப்பிரிக்க மசாய் மக்களின் பெயரைத் தாங்கி அது விற்பனைக்கு வந்தது. இன்றைய மசாய் மக்களில் பலர் பழைய டயரில் வெட்டிய தட்டைச் செருப்பு அணிகிறார்கள் என்பது வேறு கதை.

தட்டைக் காலணியோடு ஒப்பிட்டால், எம்பிடியை அணிந்து நடப்பவரின் பாதம் விரல்கள் கூடுதலாக உயர்ந்த நிலையில் தரையைத் தொட்டு, பிறகு கணுக்காலில் தொடர்ச்சியாகக் கீழ்நோக்கி மடங்குகிறது. காலடி எட்டு குறுகுகிறது, வேகமும் சற்றுக் குறைகிறது. மாற்றம் பெரும்பாலும் கணுக்காலோடு நிற்கிறது. அசையாமல் நிற்கும்போதுதான் இக்காலணி உண்மையிலேயே வேலை வாங்குகிறது: உடல் ஆடுவதைச் சமாளிக்க, கணுக்காலைச் சுற்றியுள்ள சிறிய தசைகள் ஓயாமல் இயங்க வேண்டியிருக்கிறது. பழகப் பழக அந்த ஆட்டமும் தணிகிறது.

விளம்பரங்களோ பிட்டத்தையும் தொடையையும் பற்றியே பேசின. 2010-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாக ஆய்வாளர்கள் எம்பிடி, அதே வகை ஸ்கெச்சர்ஸ் ஷேப்-அப்ஸ், அடியில் காற்றுப்பைகள் கொண்ட ரீபாக் ஈஸிடோன் ஆகியவற்றைச் சாதாரண ஓட்டக் காலணியோடு ஒப்பிட்டபோது, தசை இயக்கத்திலோ செலவான கலோரியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்ள ரீபாக் 2011-இல் 2.5 கோடி டாலரும், ஸ்கெச்சர்ஸ் 2012-இல் 4 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன.

முதுகுவலிக்கும் தட்டை அடி தாழ்ந்துவிடவில்லை. லண்டனில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் வளைந்த அடி கூடுதல் பலன் எதையும் தரவில்லை. நிற்கும்போதோ நடக்கும்போதோ வலி கூடுபவர்களுக்குத் தட்டைக் காலணியே மேலாக இருந்தது.

உறுதியான வளைவடியின் கதை வேறு. பெருவிரல் மூட்டு தேய்ந்து விறைத்தவர்களுக்கும், நீரிழிவால் பாதத்தின் முன்பகுதியில் புண் வரும் அபாயம் உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதுண்டு. விரல் மடங்குவதும் முன்பாதத்தில் அழுத்தம் குவிவதும் குறைகின்றன. ஆனால் உணர்விழந்த பாதத்துக்குத் தடுமாற வைக்கும் காலணியைத் தவறுதலாக வாங்கிவிட்டால் விழும் ஆபத்துதான் மிஞ்சும். இரண்டுமே கையால் எளிதில் வளையாதவை என்பதால், கடையில் குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆழமாக அமுங்கினால், அது உணர்விழந்த பாதத்துக்கான காலணி அல்ல.