கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்து: மனு டைப்பிங் கடை

மேலூர்ப் பக்கம் எங்க ஊர்க் கண்மாயைத் தூர்வாரி முடிச்சாச்சுன்னு போர்டு வச்சிருந்தாங்க. மடைக்கிட்டப் போய்ப் பார்த்தா சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நிக்குது. சரி, தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டுருவோம்னு நானே ரெண்டு பக்கம் எழுதிக்கிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். "ஏன் பாதியில விட்டீங்க? யார் பொறுப்பு?" இப்படி எட்டுக் கேள்வி.

கடைக்காரர் அண்ணன் படிச்சுட்டு அதுல ஏழு கேள்வியை வெட்டிட்டார். "தம்பி, ஏன்னு கேட்டா 'இது தகவல் அல்ல'ன்னு ஒத்த வரியில திருப்பி அனுப்பிருவாங்க. அவங்க பீரோவுல என்ன பேப்பர் இருக்கோ அதைக் கேளு." எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்.புக் (நடந்த வேலையை அளந்து எழுதுற புத்தகம்), பில் நாலுக்கும் நகல் கேட்டு அரைப் பக்கத்துல முடிச்சார். எதுக்குக் கேட்கிறோம்னு எழுதவே வேண்டாமாம். 6(2) பிரிவைக் காட்டினார். டைப் அடிக்கிற நேரம் முழுக்கப் பழைய கதைதான்: 1997லயே தமிழ்நாடு தனியா ஒரு சட்டம் போட்டது, அதுல தர முடியாதுங்கிற பட்டியல்தான் நீளம், 2005 சட்டம் வந்த பிறகுதான் தனக்குப் பிழைப்பே ஓடுதுன்னு.

30 நாள் ஓடிருச்சு, பதில் இல்லை. மேல்முறையீடு போட மறுபடி போனப்ப அண்ணன் இல்லை, கடைப் பையன்தான். அவன் அடிச்ச மனுவுல வேற யாரோ ஒருத்தரோட சர்வே நம்பர் அப்படியே கிடந்துச்சு. நான் பார்க்கலைன்னா போயிருக்கும். ஆதார் ஜெராக்ஸும் கேட்டான். சட்டத்துல அப்படி ஒண்ணும் கிடையாது, முகவரி இருந்தாப் போதும். வாங்கிட்டு வந்து வீட்டுல ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

மேல்முறையீடு போன பிறகுதான் கடிதம் வந்துச்சு: 46 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 92 ரூபாய் கட்டுங்கன்னு. நான் கட்டத் தயாராத்தான் இருந்தேன். அண்ணன் விடலை. கெடு தாண்டினா 7(6)படி காசில்லாமத் தரணும்னு நாலு வரி அடிச்சுக் கொடுத்தார். அதுக்குக் கூலியும் வாங்கலை. பத்து நாள்ல கட்டு வந்து சேர்ந்துச்சு.

குறைன்னா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்புக்கு 12 வாங்குறார், சில்லறை இல்லைன்னா 15. ஜெராக்ஸ் மங்கல். உட்கார ஒரு பெஞ்ச், அதுலயும் பாதி பேப்பர் கட்டு. டைப்பிங் 60 ரூபாய், அது நியாயம்தான். அஞ்சுக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன். அண்ணன் இருக்கிற நேரமாப் பார்த்துப் போங்க.

எம்.புக்ல மடை வரைக்கும் தூர் எடுத்ததா இருக்கு. அளந்த தேதி கார்த்திகை கடைசி. அன்னைக்குக் கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வேலையை நேர்ல பார்வையிடணும்னு 2(ஜே) பிரிவுல மனு போட வர்ற திங்கக்கிழமை போறேன், சில்லறையோட.