ஆறு வாரக் குட்டிக்கு ரேபீஸ் ஊசி போட்டதாக ஓர் அட்டை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் பூனைக்குட்டிகளுக்கு வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் குட்டியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள்.

எங்கள் விறகுச் சாய்ப்பில் ஒரு தெருப்பூனை மூன்று குட்டி போட்டது. நாலாவது வாரம் தாய் ரோட்டில் அடிபட்டுச் செத்துப்போனது. மாமியார் பாசத்தில் பசும்பால் ஊற்றினார், மூன்றுக்கும் வயிற்றுப்போக்கு. பிறகு மத்தியை வேகவைத்து முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து கொடுத்துத் தேற்றினேன்.

கடுவன் இரண்டையும் கேட்டு ஆள் வந்தது. மூவண்ணப் பெட்டையைத்தான் யாரும் சீண்டவில்லை. "பெட்டையா? வேண்டாம்மா, குட்டி போட்டே தீர்த்துடும்." மூவண்ணம் என்றாலே அநேகமாகப் பெட்டைதான், ஒளிக்கவும் முடியாது. பிரிக்க மனம் வராமல் கடுவன் கேட்டவர்களையும் திருப்பி அனுப்பினேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது.

அப்போதுதான் தெரிந்தவர் மூலம், குட்டிகளுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் ஒருவரின் நம்பர் கிடைத்தது. பேச்சு தேன். "சேச்சி, ஒண்ணும் பேடிக்க வேண்டாம், மூணையும் ஒரே வீட்டுல வைக்கிறேன்." ஊசி, பூச்சி மருந்து, பெட்டைக்குக் கருத்தடை எல்லாம் சேர்த்துக் குட்டிக்கு 800 ரூபாய். 2,400 அனுப்பினேன். பைக்கில் வந்தார். பின்னால் மீன் வரும் தெர்மகோல் பெட்டி, மூடியில் பேனாவால் குத்திய இரண்டு ஓட்டை. குட்டிகள் என்ன சாப்பிடும், மணலில் போகப் பழகிவிட்டதா, ஒரு கேள்வி இல்லை. கேட்காதவரைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "நல்லாப் பாத்துக்குங்க தம்பி" என்று நான்தான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நாலு நாளில் வாட்ஸ்அப்பில் தடுப்பூசி அட்டையின் படம் வந்தது. மூன்றுக்கும் ரேபீஸ் ஊசி, பெட்டைக்கு ஆபரேஷன், எல்லாம் முடிந்ததாம். மாட்டுக்கு மருந்து வாங்கப் போனபோது டாக்டரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை போடுவார்களாம். ரேபீஸ் ஊசி 12 வாரம் ஆன பிறகுதான். என் குட்டிகளுக்கு அன்று ஆறு வாரம் முடிந்து ஓரிரு நாள். "கருத்தடையா? இங்கே ஐந்தாறு மாசம் ஆகாமல் யாரும் கத்தி வைக்க மாட்டாங்க" என்றார். இன்னொன்றும் காட்டிக்கொடுத்தார்: ஊசி போட்டால் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள், அதில் பேட்ச் நம்பர் இருக்கும். இந்த அட்டையில் வெறும் நீல மை.

புது வீட்டில் விளையாடுவதாக வந்த வீடியோவை அன்று இரவு மறுபடி பார்த்தேன். அதிலிருந்த செவலைக் குட்டிக்கு நாலு காலும் வெள்ளை. எங்களுடையதற்கு ஒரு கால்கூட வெள்ளை கிடையாது. போன் செய்தேன். அவரிடம் கேரளா நம்பர் ஒன்று, தமிழ்நாட்டு நம்பர் ஒன்று. இரண்டும் அணைந்திருந்தன.

இரண்டு வாரம் கழித்துச் சந்தைக்குப் போனபோது மீன் கடைப் பலகைக்கு அடியில் மூவண்ணம் தெரிந்தது. வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கும், அதனால் சந்தேகமே இல்லை. கண்ணில் பீளை, விலா எலும்பை எண்ணலாம். கடைக்காரர் சொன்னார்: "ஒரு ஆள் பெட்டியோட இறக்கிட்டுப் போனான்க்கா. மூணு இருந்துச்சு." மற்ற இரண்டும் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அந்தச் சந்தையை மூன்று முறை சுற்றினேன்.

பட்டினி கிடக்க விட்டு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீதும் அட்டைப் படமும் இருப்பதால் எழுத முடிந்தது. யாருக்காவது குட்டி கொடுப்பதாக இருந்தால் கொண்டுபோய் வீட்டிலேயே விடுங்கள், அந்த வீட்டு வாசலையாவது பாருங்கள். முன்பணம் கேட்டால் ஊசியை நீங்களே போட்டுக் கொடுத்துவிடலாம்.

பெட்டை இப்போது எங்களிடமே இருக்கிறது. நேற்று முதல் ஊசி போட்டாயிற்று. அட்டையில் லேபிளை டாக்டர் ஒட்டினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.