டிம்-பிரைட் சுவிட்சை வலப்பக்கம் மாற்றப் போய் ஒயரிங் கருகிய கதை

ஹெட்லைட் சுவிட்சை உங்கள் வசதிக்கு இடம் மாற்றித் தருகிறோம் என்று எந்த ஆக்சசரீஸ் கடையாவது சொன்னால், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு மொத்தம் 19,700 ரூபாய் போனது. வண்டி எரியாமல் தப்பியதற்கு நான் காரணம் இல்லை, ஒரு லாரி டிரைவர்.

எனக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷம் மாருதி 800, அப்புறம் ஆல்டோ. இரண்டிலும் இண்டிகேட்டரும் லைட்டும் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கக் குச்சியில் இருக்கும், வைப்பர் இடப்பக்கம். இடது கை கியரில் இருக்கும், வலது கை விரல் தானாக டிம் அடித்துக்கொள்ளும். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஓர் ஐரோப்பிய கம்பெனியின் கார் வாங்கினேன். அதில் எல்லாம் இடம் மாறி இருந்தது. ராத்திரி எதிரே பஸ் வரும், நான் டிம் அடிப்பதாக நினைத்துக் குச்சியைத் தட்டுவேன், சொட்டு மழை இல்லாத கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடும். எதிரே வருகிறவன் கண் கூசித் திட்டிக்கொண்டே போவான். வாரம் ஒரு முறையாவது திருச்சியிலிருந்து மதுரைக்கு இரவில் போய் வருகிறவன் நான். இது வெறும் சௌகரியக் குறைச்சல் இல்லை, ஆபத்து என்றே பட்டது.

கடைக்காரரிடம் கேட்டேன். "அதுக்கென்ன சார், வலது பக்கம் தனியா ஒரு டிம்-பிரைட் சுவிட்ச் வச்சுடலாம். அரை மணி நேர வேலை" என்றார். 3,800 ரூபாய். கூடவே, "பல்பையும் 100/90 வாட் போட்டுடலாம் சார், ரோடு பகல் மாதிரி தெரியும்" என்றார். தலையாட்டினேன். என் முதல் தப்பு அது. இரண்டாவது தப்பு, சாப்பிடப் போனது. மூன்று மணி நேரம் கழித்து வந்தபோது ஸ்டீயரிங் தண்டின் கவரில் ஓட்டை போட்டு, பைக் ஹேண்டில்பாரில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். தட்டினால் பிரைட், தட்டினால் டிம். வலது கை விரலுக்குச் சரியாக எட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்" என்றார்கள், வேண்டாம் என்றேன். இது மூன்றாவது. இந்தத் தப்பு பின்னால் ரொம்பவே வலித்தது.

மறுநாளே இரண்டு விஷயம் உறுத்தியது. பிரைட் போட்டால் மீட்டரில் எரிய வேண்டிய நீல விளக்கு எரியவில்லை. கடைக்குப் போன் செய்தேன். "அது வேற லைன் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார். அப்புறம், ஒரு நாள் பிரைட்டிலேயே விட்டுவிட்டு வண்டியை அணைத்திருக்கிறேன். சாவியை எடுத்த பிறகும் லைட் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, காலையில் பேட்டரி காலி. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நம் மறதி என்று பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்ப் போட்டு ஓட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது வாரம், இரவு பதினொன்று இருக்கும். விராலிமலை தாண்டித் துவரங்குறிச்சிக்கு முன்னால். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வெளியே ஏதோ டயர் எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றினேன். நாற்றம் கூடியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்து புகை. அடுத்த நிமிஷம் முன்னால் ஒரே இருட்டு. நல்லவேளை நான்கு வழிச் சாலை, பின்னால் நெருக்கமாக யாரும் வரவில்லை. ஓரம் கட்டிச் சாவியைத் திருகி எடுத்துவிட்டேன். புகை நிற்கவில்லை.

பின்னால் வந்த லாரி நின்றது. டிரைவர் இறங்கி வரும்போதே, "சார், பானட்டைத் திறங்க, பேட்டரியைக் கழட்டணும்!" என்று கத்தினார். என்னிடம் ஸ்பேனர் இல்லை. அவர் லாரியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வந்து டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியது. கையில் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "டீ சாப்பிடுற பழக்கம் இல்ல சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். ரெக்கவரி வண்டிக்கு 4,500 ரூபாய்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒயரிங்கைப் பார்த்ததுமே, ஏழு மாதம் பாக்கியிருந்த நீட்டித்த வாரண்டியில் மின்சார வேலை எதுவும் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒயரை வெட்டியது அவர்கள் இல்லையே. வெளியில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் டேப்பைப் பிரித்துப் பிரித்துக் காட்டியபோதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது.

கடைக்காரர் பேட்டரியிலிருந்து நேராக ஓர் ஒயரை இழுத்து, அந்தச் சுவிட்ச் வழியாக பிரைட் முனைக்குக் கொடுத்திருக்கிறார். நடுவில் ரிலே இல்லை (சுவிட்சுக்குப் பதிலாகப் பெரிய கரண்டைத் தாங்கும் பாகம்), பியூஸும் இல்லை. சின்ன பைக்குகளில் வரும் பல்ப் 35 வாட். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் மூன்று ஆம்பியர். அதற்கான சுவிட்சில் 100 வாட் பல்ப் இரண்டு, அதாவது 200 வாட், கிட்டத்தட்ட 17 ஆம்பியர் ஓடியிருக்கிறது. கம்பெனி கொடுத்த எச்4 வகை பல்பு பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட்தான். புதுப் பல்பின் டப்பா டிக்கியில் கிடந்தது. சாலையில் பயன்படுத்த அல்ல என்று அதிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

இதைவிட மோசம் இன்னொன்று. எச்4 பல்புக்குள் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை. இந்த காரில் குச்சி நேராக பல்புக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கன்ட்ரோல் மாட்யூலுக்குச் சேதி சொல்லும், அதுதான் பல்பை எரிய வைக்கும். வெளி ஒயரில் நான் பிரைட் போடுவது மாட்யூலுக்குத் தெரியவே தெரியாது. அதனால் அது டிம்மை அணைக்காது, நீல விளக்கையும் போடாது. நான் பிரைட் போட்டபோதெல்லாம் ஒவ்வொரு பல்பிலும் பிரைட் 100, டிம் 90 என்று இரண்டு இழையும் சேர்ந்து 190 வாட் எரிந்திருக்கிறது. ஹோல்டர் இரண்டும் பாகு மாதிரி உருகிக் கிடந்தன. சுவிட்சுக்குப் போகும் ஒயரின் உறை இளகி, வண்டியின் பாடியில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. பியூஸ் இல்லாததால் சாவியை எடுத்த பிறகும் எரிந்தது.

எங்கள் மாமா பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருந்தார். அதில் டிம் அடிக்கும் பொத்தான் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும், இடது காலால் மிதிக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டியில் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் பல்பு வந்துவிடும். சுவிட்சை எங்கே மாற்றினாலும் வேலை செய்யும். அதே கையோடு இன்றைய காரில் டேப் சுற்றுகிறவர்களிடம்தான் நான் மாட்டினேன். "நீ கேட்டது தப்பில்ல தம்பி. ஆனா இந்த மாடலுக்கு அதை முறையாச் செய்ய வழி இருக்கான்னு முதல்ல பார்த்திருக்கணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கணும்" என்றார் எலக்ட்ரீஷியன். ஒயரிங், ஹோல்டர், பழைய வாட்டில் பல்பு, கூலி எல்லாம் சேர்த்து 11,400. மாட்யூல் பிழைத்துக்கொண்டது.

கடைக்குப் போனேன். "நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்?" என்றார் முதலாளி. பிறகு, "பில் இருக்கா?" என்றார். பணம் போன கணக்கே கடை பெயரில் இல்லை, யாரோ ஒரு பையனின் பெயரில் இருந்தது. ஆனால் வேலை முடிந்ததும் அவர்களே சுவிட்சைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள், தொகையையும் அதில் எழுதியிருந்தார்கள். அதைக் காட்டியதும் 2,000 ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். நான் தொடவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கருகிய சுவிட்சையும் ஹோல்டரையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இடப்பக்கக் குச்சி எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். எப்போதாவது வைப்பர் ஓடும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டவர்கள் இன்று இரவே ஒன்று பாருங்கள். வண்டியை நிறுத்தி, அந்தச் சுவிட்சில் பிரைட் போடுங்கள். மீட்டரில் நீல விளக்கு எரிகிறதா? சாவியை எடுத்ததும் ஹெட்லைட் அணைகிறதா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் அந்தச் சுவிட்சை இனித் தொடாமல், விடிந்ததும் நல்ல எலக்ட்ரீஷியனிடம் போய், பேட்டரியிலிருந்து வரும் அந்த ஒயரை முதலில் பிடுங்கச் சொல்லுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றையும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.