பாரி சாண்டர்ஸா, எம்மிட் ஸ்மித்தா?
டிக்கெட் வாங்கிப் பார்ப்பதென்றால் எனக்குச் சாண்டர்ஸ்தான். அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் இந்த ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடும் வீரர்), நாலு பேர் சூழ்ந்தாலும் சட்டென்று திசை மாற்றி நழுவிவிடுவார். 10 சீசன்களில் பந்தோடு ஓடியது 15,269 யார்டு. ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 5 யார்டு. 1997-இல் மட்டும் 2,053!

டல்லாஸ் கௌபாய்ஸின் ஸ்மித்துக்குச் சராசரி 4.2தான். ஆனால் 15 சீசன் தாக்குப்பிடித்தார். தோள்பட்டை விலகிய வலியோடும் ஓடியவர். மூன்று சூப்பர் பவுல் (சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டி) வெற்றி வேறு. சரி, அவருக்கு வழி திறந்துவிட அபாரமான முன்வரிசை இருந்தது. சாண்டர்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வால்டர் பேட்டனின் 16,726 யார்டு சாதனையைத் தொட 1,457 யார்டே மிச்சமிருக்க, 1999-இல் ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்துவிட்டார் சாண்டர்ஸ். பேட்டனின் அந்தச் சாதனையை 2002-இல் முறியடித்தது ஸ்மித். மொத்தம் 18,355.