மர உருண்டை கடையும் ஜிக்: காசு எதற்குக் கொடுக்கிறோம்?

படிக்கட்டுத் தூணின் தலைக்கோ கட்டில் காலின் உச்சிக்கோ மர உருண்டை ஒன்றே ஒன்று வேண்டுமென்றால், உளியை வட்டப்பாதையில் நடத்தும் ஜிக் என்ற துணைக்கருவி தேவையில்லை. கூரான உளியும் பழகிய கண்ணும் போதும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்களும் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைபவர்களும் கைக்கணக்கில்தான் உருட்டி எடுக்கிறார்கள். ஒரே அளவில் பன்னிரண்டு உருண்டை, அதுவும் வெர்னியர் அளவி வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும் என்று வரும்போதுதான் ஜிக்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மர லேத்துக்கென்று விற்கிற ஜிக்குகளில் பெரும்பாலானவை ஒரே வகை. லேத்தின் நீள அடிச்சட்டமான பெட் மேல் ஓர் அடித்தட்டு. அதில் செங்குத்தாக ஓர் அச்சு. அச்சைச் சுற்றித் திரும்பும் கை, கையின் மேல் வட்டக் கார்பைடு டிப் (வெட்டும் முனை) வைத்த கம்பி. கதவைத் திறந்து மூடுவதுபோல் கையைத் திருப்பினால் டிப் அரைவட்டம் போடும். சுழலும் கட்டை அதை உருண்டையாக்கிவிடும். டிப்பின் வெட்டும் விளிம்புக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம்தான் உருண்டையின் ஆரம்.

விளம்பரங்கள் பெரிதாகக் காட்டுவது டிப்பின் உயரத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகை. அதற்காக அதிக விலை கொடுப்பது வீண். டிப் லேத்தின் மையத்தைவிட (கட்டை சுழலும் நடுக்கோட்டைவிட) 1 மி.மீ. கீழே இருந்தாலும் வருவது உருண்டைதான். 30 மி.மீ. ஆரம் 30.02 ஆகும், அவ்வளவே. மிச்சமிருப்பது முனையில் 2 மி.மீ. தடிப்புள்ள சின்னக் காம்பு. உப்புத்தாள் அதைப் பார்த்துக்கொள்ளும். டிப்புக்கு அடியில் மெல்லிய தகடு செருகி உயரம் சரிசெய்யும் மலிவான ஜிக்கே இந்த வேலைக்குப் போதும்.

உருண்டையைக் கெடுப்பது வேறொன்று: சுழல் அச்சு லேத்தின் மையக்கோட்டுக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் விலகி நிற்பது. வேலை செய்பவர் பக்கமாக அரை மில்லிமீட்டர் விலகினால் நீளம் 60, நடுவயிறு 61 என்று வரும். முனை லேசாகக் குழிந்து பறங்கிக்காய் மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் போனால் நீளம் 60, நடுவயிறு 59. எலுமிச்சைபோல் மூக்கு நீளும். விலகல் எவ்வளவோ அதன் இரு மடங்கு பிழை. ஆகவே ஜிக் வாங்கும்போது முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அடிப்பக்கம். பெட்டின் இரு தண்டவாளங்களுக்கு நடுவே இறங்கும் நாக்கு உங்கள் லேத்தின் இடைவெளிக்கு இறுக்கமாகப் பொருந்துகிறதா? பல ஜிக்குகளில் எந்த லேத்துக்கும் ஆகட்டும் என்று நாக்கை ஒல்லியாகவே விடுகிறார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் நாக்கின் இரு பக்கமும் பித்தளைத் தகடு ஒட்டி ஆட்டத்தை எடுங்கள். அதுவரை, இறுக்குவதற்கு முன் அடித்தட்டை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். பிழை இருந்தாலும் மாறாமல் இருக்கும், திருத்தலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இரண்டு அளவுகளை லேத்தில் எடுத்துவைத்துக்கொண்டு ஆர்டர் செய்ய வேண்டும்: தண்டவாள இடைவெளி, பெட்டிலிருந்து மையம் வரை உயரம். மையத்துக்கு எட்டாத ஜிக்கைக் கட்டை வைத்து உயர்த்திவிடலாம். மையத்தைத் தாண்டியதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு எச்சரிக்கை: இரும்பு லேத்துக்கான உருண்டை கடையும் இணைப்பு என்று விற்பவை, வெட்டுளியை இறுக்கிப் பிடிக்கும் டூல் போஸ்ட்டில் பூட்டுபவை. மர லேத்தில் டூல் போஸ்ட்டே கிடையாது. விலை குறைவென்று வாங்கி அலமாரியில் வைப்பதற்குத்தான் ஆகும்.

சொந்தமாகச் செய்வது கடினமில்லை. 12 அங்குல லேத்துக்கு (12 அங்குல விட்டம் வரை கடைவது) ஒரு நாள் வேலை. 18 மி.மீ. பிளைவுட்டில் அடித்தட்டு ஒன்று, அதே பிளைவுட்டில் 200 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தட்டு ஒன்று. கைக்குப் பதில் வட்டத்தட்டே திரும்பும். இரண்டும் உரசும் முகங்களில் மைக்கா ஒட்டி மெழுகு தேய்த்தால் போதும். சாப்பாட்டு மேசைச் சுழல்தட்டுக்கு விற்கும் தகடு பேரிங்கைத் தொடாதீர்கள். அதில் மேலும் கீழும் ஆட்டம் உண்டு, உருண்டையில் வரிவரியாகத் தெரியும். அகலமான மைக்கா முகம் அதைவிட நிலையாக நிற்கும். அச்சுக்கு 12 மி.மீ. போல்ட், பெரிய வாஷர், தானாகத் தளராத நைலாக் நட்டு. தட்டு திரும்பும்போது கைக்கு லேசாகத் தடை தெரியும் வரை நட்டை இறுக்க வேண்டும்.

போல்ட் துளையை நேராக அடித்தட்டில் போடாமல், 100 மி.மீ. சதுர இரும்புத் தகட்டில் போட்டு, அந்தத் தகட்டை நீளத்துளைகள் வழியாக அடித்தட்டில் திருகுங்கள். பக்கவாட்டில் 2 மி.மீ. நகர இடம் இருந்தால் போதும். மையம் பிடிக்க, 12 மி.மீ. நேரான கம்பியைக் கூம்பாகச் சீவி அச்சுத் துளையில் நிறுத்தி, லேத்தின் சுழற்றும் தலைப்பக்கமான ஹெட்ஸ்டாக்கில் கூர்முனைச் சென்டரைப் போட்டு இரண்டு கூரும் தொடும்படி நகர்த்த வேண்டும். கம்பி உயரமாக இருப்பதால் அது சாய்ந்திருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கத் தவறாதீர்கள். இதிலேயே கால் மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். மீதியை வெட்டிப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்: ஒரு சோதனை உருண்டை கடைந்து, உருண்டையைக் கட்டையோடு இணைக்கும் கழுத்தை அறுத்துச் சீவி, நடுவயிற்றையும் நீளத்தையும் அளந்து, வித்தியாசத்தில் பாதி அளவுக்குத் தகட்டை நகர்த்துங்கள். வயிறு பெரிதென்றால் உங்களிடமிருந்து தள்ளி, நீளம் பெரிதென்றால் உங்கள் பக்கம்.

வீட்டில் செய்த ஜிக்குகளில் பெரும்பாலும் விட்டுப்போவது டிப் கம்பிக்குப் பின்னால் ஒரு தடை. இரண்டு போல்ட்டால் மட்டும் கம்பியை அழுத்திப் பிடித்திருந்தால் ஆழம் கூட்டும் ஒவ்வொரு முறையும் கையால் தள்ள வேண்டும், அளவு குத்துமதிப்பாகிவிடும். கம்பியின் வால் பக்கம் ஒரு கட்டையில் 6 மி.மீ. போல்ட்டைத் திருகி, அதன் முனை கம்பியைத் தள்ளும்படி வையுங்கள். அந்த போல்ட்டின் சாதாரண மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அரைச் சுற்று திருகினால் ஆரத்தில் 0.5, விட்டத்தில் 1 மி.மீ. குறையும். கடையில் வாங்கும் நல்ல ஜிக்கிலும் இதே திருகுதான், எண் பொறித்த வளையத்தோடு. அந்த வளையத்துக்குக் காசு கொடுப்பது நியாயமே.

60 மி.மீ. உருண்டைக்கு 65 மி.மீ. சதுரம், 120 மி.மீ. நீளம் கட்டை, நார் நீளவாக்கில். முதலில் கையால் உருளையாக்கி, மூலைகளை வெட்டித் தள்ளிவிட வேண்டும். உருண்டை எடுக்கப்போகும் 60 மி.மீ. நீளத்தில் இரு ஓரத்திலிருந்தும் 17.6 மி.மீ. உள்ளே கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து சரித்து வெட்டினால் எண்கோணம் கிடைக்கும். விட்டத்தை 0.293-ஆல் பெருக்கினால் எந்த அளவுக்கும் இந்த எண் வரும். மூலையை விட்டுவிட்டு நேராக ஜிக்கைப் போட்டால் டிப் முழு மூலையையும் ஒரேயடியாகக் கடிக்கும், கை பிடுங்கிக்கொள்ளும்.

லேத்தைப் போடுவதற்கு முன் தட்டைக் கையால் ஒரு முழு வீச்சுத் திருப்பி, கட்டையைக் கவ்வும் சக்கின் தாடையில் எதுவும் இடிக்கவில்லை என்று பார்த்துவிடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று வரை. ஆரம்பத்தில் வீச்சுக்கு அரை மில்லிமீட்டர், கடைசி இரண்டு வீச்சுக்கு 0.2. வீச்சு எப்போதும் நடுவயிற்றிலிருந்து முனையை நோக்கி. எதிர்த்திசையில் ஓட்டினால் நார் எழும்பிப் பிய்யும், தேக்கில் இது உடனே தெரியும். சக் பக்கம் 15 மி.மீ. கழுத்து விட்டு நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே மெலிந்தால் உருண்டை ஆடத் தொடங்கும்.

இதற்குப் பிறகு வருவதை எந்த ஜிக்கும் செய்து தராது. கழுத்தை அறுத்த இடத்தைச் சரிசெய்ய, கழிவுக்கட்டையில் கடைந்த இரண்டு கிண்ணங்கள் தேவை. ஒன்று சக்கில், மற்றது எதிர்முனையில் கட்டையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் சுழல் சென்டரில். 60 மி.மீ. உருண்டைக்குக் கிண்ண வாய் 40 மி.மீ., உள்ளே மெல்லிய தோல். உருண்டையைக் குறுக்காகத் திருப்பி, கழுத்துத் தழும்பு பக்கவாட்டில் வரும்படி பிடித்து ஓட்டினால் துருத்தி நிற்கும் இடம் நிழலாட்டமாகத் தெரியும். நிழல் மறையும் வரை சீவினால் போதும். உப்புத்தாளும் இங்கேதான், ஒவ்வொரு எண்ணுக்கும் உருண்டையை வேறு பக்கம் திருப்பிவைத்து. ஜிக்கில் இருக்கும்போதே தேய்த்தால் பக்கநார் சீக்கிரம் தேயும், முனைநார் தேயாது, அரும்பாடுபட்டு வந்த வட்டம் முட்டையாகும்.

சோதிப்பதற்கு 40 மி.மீ. உள்விட்டமுள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றின் வாயைச் சமமாக அரவுங்கள். உருண்டையை எந்தக் கோணத்தில் வெட்டினாலும் வட்டம்தான், அதனால் குழாயின் வாய் எங்கே வைத்தாலும் ஒளி கசியாமல் உட்கார வேண்டும். அதே வாயை உள்பக்கம் கூராக்கிவிட்டால் சுரண்டும் உளியாகவும் ஆகும். கிண்ணமும் இந்தக் குழாயும் இருந்தால் ஐந்தாறு உருண்டைகள் வரை ஜிக் இல்லாமலே சமாளிக்கலாம்.

மரம் காயாமல் இருந்தால் இத்தனையும் வீண். ஆண்டு வளையத்தின் வாக்கில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். ஈரக் கட்டையில் இன்று கிடைத்த உருண்டை சில வாரங்களில் வெர்னியருக்கு வேறு வேறு எண் சொல்லும், பழி ஜிக்கின் மேல் விழும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே போன கட்டையை எடுங்கள். அவசரமென்றால் 3 மி.மீ. கூடுதலாக உருட்டிவைத்து, காய்ந்த பிறகு கிண்ணத்தில் வைத்து அளவுக்குக் கொண்டுவாருங்கள்.