ஒரு கால் குட்டையாம், எலும்பு விலகியிருக்காம்!

இடுப்புக்குக் கீழே, வலது பிட்டத்தின் மேல்பக்கத்தில் விடாத வலி. படுக்கையில் புரண்டால் உயிர் போகும். அதற்காகத்தான், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை தரும் ஒரு கைரோபிராக்டிக் மையத்துக்குப் போனேன்.

அங்கிருந்த சிகிச்சையாளர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, "ஒரு கால் குட்டையா இருக்கு, எஸ்.ஐ. ஜாயின்ட் விலகியிருக்கு" என்றார். முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டைத்தான் அப்படிச் சொன்னார். குப்புறக் கிடப்பவன் தன் குதிகாலை எங்கே பார்ப்பது? போனில் படம் எடுத்துக் காட்டினார். படத்தில் ஒரு ஷூவை அவர் விரல் லேசாக மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அப்புறம் முதுகு முழுக்க எக்ஸ்ரே, பல மாதத்துக்கு ஒரு பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. தள்ளுபடி இன்றைக்கு மட்டும்தானாம்.

ஒவ்வொரு தடவையும் ஒரு 'டக்'. "கேட்டுச்சா? உட்கார்ந்துடுச்சு" என்பார். அடுத்த தடவை போனால் மறுபடி விலகியிருக்கும். இடுப்பு வலிக்கு வந்தவனின் கழுத்தையும் சேர்த்துத் திருப்பினார்.

அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. எலும்பு நகர்ந்து உட்கார்வதால் அல்ல. சாக்ரோஇலியாக் மூட்டை வலுவான தசைநார்கள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அதன் அசைவே ஓரிரு மில்லிமீட்டர்தான். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பில் சிறு உலோகக் குண்டுகளைப் பதித்து, கையால் அழுத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். மூட்டின் நிலை மாறவே இல்லை. கீழ்முதுகு வலியில் இந்தச் சிகிச்சையால் சிலருக்குக் கொஞ்ச நாள் நிம்மதி கிடைப்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் 'விலகிய எலும்பை உட்கார வைக்கிறேன்' என்பது கதை.

பணம் போனதைவிட எரிச்சல் வேறொன்றில். அங்கே யாருமே கேட்காத கேள்வியை, பிறகு போய்ப் பார்த்த மூட்டுவாத மருத்துவர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "காலையில எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு? நடந்தா குறையுதா?" அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும், நடந்தால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும் என்றேன். அது அழற்சி வலியின் அடையாளமாம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் அந்த மூட்டில் அழற்சி இருப்பது தெரிந்தது. ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம். உடற்பயிற்சி, மருந்து என்று இப்போது சரியான பாதையில் போகிறது.

எந்த மையமானாலும், உங்கள் வலியைப் பற்றி விசாரிக்கும் முன்பே பேக்கேஜ் பேச்சு வந்தால் எழுந்துவிடுங்கள். சிறுநீர் கழிப்பதில் சிக்கல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் என்று ஏதாவது இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலையில் யாரும் முதுகில் கை வைக்கக் கூடாது.

மீதிப் பணத்தைக் கேட்டேன். தர முடியாதாம். வேண்டுமானால் மிச்சமிருக்கும் சிட்டிங்குகளை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறார்களாம்.