நிற்கும் காருக்கு எந்த பேட்டரி சார்ஜர்? மலிவையும் விலை உயர்ந்ததையும் நாலு வருடம் வைத்துப் பார்த்த அனுபவம்

எனக்கு வேலை பெங்களூருவில், கார் திருச்சியில் அப்பா வீட்டில். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரயிலில் போய் இறங்கி அந்த இரண்டு நாள் மட்டும் வண்டியை எடுப்பேன், மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகைக்குள் உறை போட்டு நிற்கும். 2021இல் மட்டும் இரண்டு தடவை சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் வந்ததே தவிர செல்ஃப் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை பேட்டரியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. புது பேட்டரி போட்ட கையோடுதான் சார்ஜர் வாங்குவதைப் பற்றி யோசித்தேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், அதை எல்லோருக்கும் சொல்வேன். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டுவிட்டு, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மல்டிமீட்டரில் அளந்தேன். 40 மில்லி ஆம்பியர். கேட்க ஒன்றுமே இல்லை போலத் தோன்றும், ஆனால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு), 35 நாளைக்கு 35. என் டீசல் வண்டியில் இருப்பது 60 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதில் பாதிக்கு மேல் சும்மா நின்றே காலி. இதற்கு மேல் வெயில். பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், நம் ஊர் மே மாதக் கொட்டகைக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இறங்கின பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

முதலில் வாங்கியது 1,300 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைத்த ஒன்று. திரையில் வோல்ட் ஓடும், பல்ஸ் ரிப்பேர் என்று ஒரு பட்டன், நிறைந்ததும் ஃபுல் என்று காட்டும். முதல் ஆறு மாதம் எனக்குக் குறையே தெரியவில்லை. ஊருக்குப் போனால் வண்டி ஒரே சாவியில் எடுத்தது, நண்பர்கள் இரண்டு பேரை வாங்கவும் வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

அடுத்த வருடம் ஏப்ரலில் பானெட்டைத் திறந்தபோது ஒரு புளித்த வாடை. பேட்டரி மேல் கையை வைத்தால் இளஞ்சூடு. வண்டி ஒரு மாதமாக ஓடவே இல்லை, சூடு எங்கிருந்து வரும்? மூடியை நாணயத்தால் திருகித் திறந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஆறு அறையில் நாலில் தகட்டின் தலை வெளியே தெரிந்தது, அமிலம் விரற்கடை அளவு கீழே இறங்கியிருந்தது. பாசிட்டிவ் டெர்மினலில் பச்சை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பேட்டரிக் கடை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கொதிச்சிருக்குய்யா. ராப்பகலா சார்ஜர் போட்டே வச்சிருந்தியா?" என்றார்.

அன்றைக்குத்தான் ஒழுங்காக அளந்தேன். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, மறுபடி மாட்டி, ஃபுல் என்று காட்டி மூன்று நாள் கழித்தும் டெர்மினலில் 14.3 வோல்ட் நின்றது. சார்ஜ் ஏற்றும்போது 14.4 சரிதான். ஏறி முடிந்த பிறகு 13.6க்கு இறங்கியாக வேண்டும், அதுவும் 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும் என்றால், 40 டிகிரியில் 13.3 போதும். நான் மாதக்கணக்கில் ஒரு வோல்ட் கூடுதலாகக் கொடுத்துத் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது: கரண்ட் போனாலும் அதன் திரை எரிந்துகொண்டே இருக்கும். எங்கிருந்து? பேட்டரியிலிருந்துதான். ஒருமுறை பக்கத்தில் ஸ்விட்ச் டிரிப் ஆகி அப்பா கவனிக்காமல் விட்ட பத்து நாளில், காக்க வேண்டிய சார்ஜரே பேட்டரியைக் குடித்திருந்தது. அந்த பேட்டரி பதினாலு மாதத்தில் போய்விட்டது.

2023 தொடக்கத்தில் சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0 வாங்கினேன். ஸ்வீடன் கம்பெனி. விலை முதல் சார்ஜரைப் போல ஏழெட்டு மடங்கு, பட்டனை அழுத்தும்போது கை தயங்கியது உண்மை. இப்போது அதற்கும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அப்போது போட்ட புது பேட்டரியே இன்னும் ஓடுகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் தண்ணீர் கோட்டுக்கு அருகிலேயே நிற்கிறது.

காசு எதற்குப் போனது என்றால், நிறுத்தத் தெரிவதற்கு. 14.4 வரை ஏற்றி, ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பிறகு பேட்டரியைத் தாங்கி நிற்கும் அந்த 13.6 வோல்ட்) இறங்கி, பத்து நாள் கழித்து அதையும் விட்டுவிட்டு, பேட்டரி 12.7க்கு இறங்கினால் மட்டும் ஒரு தள்ளு கொடுக்கும். இது தெரியாமல் இருபதாவது நாள் அப்பாவை அளக்கச் சொல்லி, அவர் "12.85தான்டா காட்டுது" என்றதும் சார்ஜர் செத்துவிட்டது என்று பயந்துபோனேன், கையேட்டை ஒழுங்காகப் படித்த பிறகுதான் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று புரிந்தது. மே மாதம் ஃப்ளோட்டில் அளந்தபோது 13.4தான் இருந்தது, வெப்பத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்கிறது. கரண்ட் போய் வந்தால் விட்ட முறையிலேயே தானாகத் தொடங்கும். பேட்டரியிலிருந்து அது பின்னால் இழுப்பது மாதத்துக்கு 1 ஆம்பியர்-அவருக்கும் குறைவு. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கிளிப்பை மாற்றி மாட்டினால் என்ன செய்வது என்ற கவலையும் போயிற்று: மாற்றி மாட்டினால் தீப்பொறி வராது, எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும். அதனோடு வரும் வளைய ஒயரை டெர்மினலிலேயே முடுக்கி வைத்துவிட்டேன், இப்போது அப்பா ஒரு ப்ளக்கைச் சொருகினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. இந்த விலைக்கு வோல்ட் காட்டும் திரை கிடையாது, வெறும் விளக்குகள்தான், அதனால் மல்டிமீட்டர் இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது. குளிர்ப் பிரதேசத்துக்கு என்று பனித்துளிப் படம் போட்ட 14.7 வோல்ட் முறை ஒன்று இருக்கிறது, ஏஜிஎம் பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய வகை) உள்ளவர்களுக்கும் உதவும், நமக்கு அதில் வேலையில்லை. செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், பழைய பேட்டரியை மாட்டிப் பார்த்தேன், சோதனைக் கட்டத்தில் நின்று பிழை விளக்கைக் காட்டிவிட்டது.

மலிவு சார்ஜரைத் தூக்கிப் போடவில்லை. அப்பாவின் மாருதி 800க்கு மாதம் ஒரு ராத்திரி, எட்டு மணி நேரத்தில் தானாக நிற்கும் டைமர் சாக்கெட்டில் மாட்டி ஓட்டுகிறோம், அந்த வேலைக்கு அது போதும். மாதக்கணக்கில் மாட்டியே வைக்கத்தான் ஆகாது. விலை குறைந்ததெல்லாம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், எது வாங்கினாலும் நிறைந்து இரண்டு நாள் கழித்து டெர்மினலில் அளந்து பாருங்கள், 13.6ஐ ஒட்டி நின்றால் வைத்துக்கொள்ளுங்கள், 14க்கு மேல் நின்றால் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் வெளியூர் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை.

சென்னையில் அத்தை பையன் கேட்டான், அவன் அடுக்குமாடி பார்க்கிங்கில் ப்ளக் பாயிண்டே கிடையாது. 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றித் துணி சுற்றி வைக்கச் சொன்னேன். கடிகாரமும் ரேடியோவும் அழிந்துபோகும், கதவை சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும், ஆனால் வண்டி இழுப்பது நின்றுவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருப்பான் என்றால் மட்டும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போட வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.